இடிமுத்துவின் ஐந்தாவது குறை

ஏப்ரல் 9, புதன்

சிலிண்டர் வந்தது. வாஷர் சரியில்லை. மாற்றித் தரச் சொன்னதற்கு வந்தவன் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து காசிம் கூப்பிட்டான். ஜவுளிக்கடைக்காரன். கடை நேரம் போக, சித்திரக்கதைப் பைத்தியங்களுக்காக 'கட்டம்' என்று ஒரு காலாண்டிதழ் நடத்துகிறான். வெள்ளிக்கிழமை 'இடிமுத்து' அனிமேஷன் படமாக வருகிறதாம். நான் விமர்சனம் எழுத வேண்டுமாம். நிறை ஐந்து, குறை ஐந்து. ஜூன் இதழுக்கு.

"இடிமுத்துவ வரைஞ்ச கையே எழுதுனாத்தானுங்ணா நல்லாருக்கும்."

"கதை எழுதுன கை மெட்ராஸ்ல சும்மாதான இருக்குது? அதைக் கேக்கறது."

"படத்துக்கும் கதை அவருதானுங்களே, அவரே எப்படிங்ணா குறை சொல்லுவாரு?"

நியாயமாகப் பட்டது. சரி என்றேன்.

வீட்டுப் பிளான் வரைகிறவன் நான். மூலையில் குறியீட்டு விளக்கம் போடாமல் கை நிற்காது, டைரியிலும் போட்டுவிடுகிறேன். இடிமுத்து ஒரு வாரப் பத்திரிகையில் பதினோரு வருஷம் வந்த தொடர். கதை வெள்ளியங்கிரி, சித்திரம் தண்டபாணி. தண்டபாணி நான். வெள்ளியங்கிரி என் அண்ணன். எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. மரியாதையாகத்தான் இருக்கிறோம்.

ஏப்ரல் 11, வெள்ளி

மனைவி ருக்மணியும் நானும் காலைக் காட்சிக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் தியேட்டர். பள்ளி விடுமுறை ஆரம்பித்துவிட்டதால் ஒரே குழந்தைகள். எனக்கு முன்னால் இருந்த குழந்தை படம் முழுக்கத் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

டைட்டிலில் என் பெயர் வருகிறது. 'சித்திரமும் ங்கவும்: தண்டபாணி' என்று போட்டிருக்கிறார்கள். கேலியா என்று தெரியவில்லை.

'ங்க'வுக்கும் விளக்கம் வேண்டும். முத்து ஒரு மோட்டார் மெக்கானிக். கிணற்று மேட்டில் மோட்டாரைக் கழற்றும்போது அவன் மேல் இடி விழுகிறது. அன்றிலிருந்து வாயைத் திறந்தால் எதிரில் இருப்பது உடைந்துவிடும். 'ங்க' சேர்த்துப் பேசினால் மட்டும் உடையாது. அதனால் மாட்டுக்கும் 'ங்க', போலீசுக்கும் 'ங்க', வில்லனுக்கும் 'ங்க'. உடைக்க வேண்டிய இடத்தில் மட்டும் 'ங்க'வை எடுத்துவிடுவான். உலகத்தில் வேறு எந்த வீரனும் எதிரியிடம் 'கொஞ்சம் கையத் தூக்குங்க' என்று சொன்னதில்லை.

அது என்னால் வந்தது. முதல் இதழில் அண்ணன் 'கையைத் தூக்கு' என்றுதான் எழுதிக் கொடுத்தார். பலூனுக்குள் வசனம் எழுதுவது என் வேலை. நான் உடுமலைக்காரன். முன்பின் தெரியாத ஆளிடம் 'தூக்கு' என்று எழுதக் கை வரவில்லை. 'தூக்குங்க' என்று எழுதிவிட்டேன், அப்படியே அச்சாகிவிட்டது. அண்ணன் திட்டுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். ஊரே சிரித்தது. அடுத்த இதழில் அண்ணன் அந்தத் தப்பையே ஒரு சக்தியாக்கிவிட்டார். தப்பு என்னுடையது, சக்தி அவருடையது.

படம் முடிவதற்குள் கிளம்பிவிட்டோம். வீட்டில் மோட்டார் போட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. டேங்க் நிரம்பி வாசலெல்லாம் தண்ணீர்.

ஏப்ரல் 12, சனி

பட்டியல் தொடங்கிவிட்டேன்.

நிறை: மழை. சோளக்காட்டில் மழை வரும் விதம் சரியாக இருக்கிறது. முதலில் காற்று, பிறகு வாசனை வந்ததுபோல் ஆட்கள் தலையைத் தூக்குகிறார்கள், அதற்குப் பிறகுதான் தூறல். யாரோ ஊரில் வந்து பார்த்திருக்கிறார்கள்.

குறை ஒன்று: முத்துவின் வீட்டு நிலைக்கதவு ஒரு காட்சியில் மூன்றடி அகலம், அடுத்த காட்சியில் ஐந்தடி.

குறை இரண்டு: தோளில் போட்ட துண்டு பறக்கும்போதெல்லாம் இடது பக்கமே பறக்கிறது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும்.

குறை மூன்று: முத்துவுக்கு ஒரு தம்பி. மூலக்கதையில் தம்பியே கிடையாது. எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டவைத்திருக்கிறார்கள். பெயர் சின்னு. குரல் பட்டு அவன் உடைந்துவிடக் கூடாதே என்று முத்து சொந்தத் தம்பியிடமே 'வாங்க, போங்க' என்கிறான். தம்பி அதைத் தப்பாக எடுத்துக்கொள்கிறான். "என்னைய வேத்தாளாக்கிப்போட்டான்" என்று வீட்டை விட்டுப் போய்க் கல் குவாரியில் வேலைக்குச் சேர்கிறான். இந்த வயதில் ஒரு ஆண்பிள்ளை 'ங்க' போட்டதற்காகவா வீட்டை விட்டுப் போவான்? நம்பும்படியாக இல்லை.

அந்தத் தம்பிக்கு இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம் வேறு. தேவையில்லாத விவரம். இதை நான் சொன்னபோது ருக்மணி என் இடது காதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. பாயசம். முந்திரி குறைவு.

வாழ்த்து அனுப்பினேன். 'புத்தாண்டு வாழ்த்துகள் சார்.' பதில் வந்தது. 'நன்றிங்க. உங்களுக்கும் வீட்டில் அனைவருக்கும்ங்க.' நாலு வருஷமாக இப்படித்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல மரியாதை.

ருக்மணி எட்டிப் பார்த்தாள்.

"கூடப் பொறந்தவருக்கு 'சார்' போட்டு அனுப்பறது இந்த ஊருலயே நீங்க ஒருத்தருதான் மாமா."

"அவரு மட்டும் 'ங்க' போடறாரில்ல?"

"மொதல்ல 'சார்' போட்டது ஆருங்?"

பாயசம் ஆறிவிடும் என்று சொன்னேன்.

விஷயம் இவ்வளவுதான். நாலு வருஷத்துக்கு முன்னால், படம் எடுக்கப் போவதாக அறிவித்தபோது, அண்ணன் ஒரு பேட்டியில் "இடிமுத்துவை நான் உருவாக்கியபோது" என்று சொல்லியிருந்தார். 'நாங்க' இல்லை, 'நான்'. இருந்த ஒரு 'ங்க'வையும் எடுத்துவிட்டார். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'பேட்டி பார்த்தேன். வாழ்த்துகள் சார்' என்று மட்டும் அனுப்பினேன். அதுவரை என்னை 'டேய் பாணி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அன்றைக்கு 'நன்றிங்க' என்று போட்டார். அவ்வளவுதான். எதுவும் உடையவில்லை.

ஏப்ரல் 16, புதன்

கட்சிக்காரர் ஒருவருக்கு வீட்டுப் பிளான். எதிர்வீட்டைவிட ஒரு அடி உயரமாக வேண்டும், மற்றபடி எப்படி இருந்தாலும் சரி என்கிறார்.

படத்துக்கு இரண்டாம் முறை போனேன், தனியாக. விமர்சனம் எழுதுகிறவன் முடிவைப் பார்க்காமல் எழுதக் கூடாது.

முடிவு இது. குவாரியில் பாறை சரிந்து சின்னு உள்ளே மாட்டிக்கொள்கிறான். வெளியே முத்து. பாறையை உடைக்க வேண்டுமென்றால் 'ங்க'வை எடுக்க வேண்டும். எடுத்தால் தம்பியும் உடைந்துவிடுவானோ என்று பயம். நெடுநேரம் நிற்கிறான். கடைசியில் ஒரே ஒரு சொல். "வாடா." பாறை இரண்டாகப் பிளக்கிறது. தம்பி புழுதியோடு வெளியே வருகிறான், ஒரு கீறல்கூட இல்லை. தியேட்டரில் குழந்தைகள் கத்துகின்றன.

குறை நான்கு: பாறையை உடைக்கும் ஒலி காதை உடைக்காதா? சின்னுவுக்குக் காது போயிருக்க வேண்டும். அறிவியல் இல்லை.

குறை ஐந்து: அந்த ஒரு சொல்லில் உதடும் குரலும் பொருந்தவில்லை. குரல் 'வாடா' என்கிறது, திரையில் உதடு நடுவில் ஒருமுறை ஒட்டிப் பிரிகிறது. பதினோரு வருஷம் வாய் வரைந்தவன் கண்ணை ஏமாற்ற முடியாது. உதடு ஒட்ட வேண்டுமென்றால் 'ம்'மோ 'ப'வோ வர வேண்டும். வாய் வரைந்தபோது வசனம் 'வா தம்பி'யாக இருந்திருக்கிறது. பிற்பாடு யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

குரலும் வேறு. முத்துவுக்குப் பேசியிருப்பவன் சின்னப் பையன், நல்ல கணீர்க் குரல். அந்த ஒரு சொல் மட்டும் வயசான, கரகரத்த குரலாக இருக்கிறது. ஒலிக்கலவையில் இப்படியா கோட்டைவிடுவார்கள்?

ஏப்ரல் 17, வியாழன்

தூக்கம் இல்லை. கொசு.

ஏப்ரல் 20, ஞாயிறு

மூன்றாம் முறை. குறை ஐந்தைச் சரிபார்க்க. அந்த இடம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவினேன். காப்பி குடித்தேன். பிறகு ருக்மணியிடம், "அந்த 'வாடா' மட்டும் அண்ணன் கொரலு," என்றேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை. மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்து முடித்தாள்.

"அக்கா சொல்லுச்சுங் மாமா."

எந்த அக்கா என்றேன். எங்கள் அண்ணிதான். இவர்கள் இரண்டு பேரும் நாலு வருஷமாக வாரம் தவறாமல் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். வீட்டுக்குள் இப்படியொரு தொலைபேசி நிலையம் நடப்பது எனக்குத் தெரியாது.

"வேற என்ன சொல்லுச்சு அக்கா?"

"தொண்டையிலீங். புத்துநோய். போன வருசமே கரண்டு வெச்சுப் பாத்தாங்களாம், நின்ன மாதிரி இருந்து மறுக்கா வந்துபோட்டுது. கோயமுத்தூருல வார முப்பதாந்தேதி ஆப்பரேசன். கொரல்பெட்டியவே எடுத்துப்போடுவாங்களாம்."

"எடுத்துட்டா?"

"உசுருக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்றாங். பேச்சுத்தான் வராது."

ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு அவருதான் அக்காகிட்டச் சத்தியம் வாங்கியிருக்காருங். அனுதாபத்துல கூப்புட்டா அது கூப்புட்டதாகாதுன்னு சொன்னாராம்."

அந்தச் சத்தியம் அக்காவுடையது, தன்னுடையது இல்லை என்று ருக்மணி விளக்கினாள். சட்டப்படி சரிதான்.

ஏப்ரல் 21, திங்கள்

கட்சிக்காரர் வீட்டுப் பிளானில் படிக்கட்டை வரைந்தேன். மாடிக்குப் போகாமல் கிணற்றுக்குள் போகிறது. அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

போனை எடுத்தேன். வைத்தேன். சார்ஜ் குறைவாக இருந்தது.

ஏப்ரல் 23, புதன்

சார்ஜ் நூறு. கூப்பிட்டேன்.

"சொல்லுங்க," என்றார். காற்றுப் போன ட்யூபைப்போல ஒரு குரல். நல்லவேளை, விமர்சனப் பட்டியலைக் கையில் வைத்திருந்தேன். வேறு எதைப் பற்றியும் பேச வேண்டியிருக்கவில்லை.

"படம் பாத்தேன். 'கட்டம்' இதழுக்குக் குறை எழுதச் சொல்லியிருக்கறாங்க. சரியான்னு கேட்டுக்கலாம்னு."

"சொல்லுங்க."

"நிலைக்கதவு ஒரு எடத்துல மூணடி, ஒரு எடத்துல அஞ்சடி."

"ம்."

"துண்டு ஒரே பக்கமாப் பறக்குது."

"அது நானும் சொன்னனுங்க. கேக்கல."

"மூலத்துல தம்பி கெடையாது."

மூச்சு மட்டும் கேட்டது.

"நாலாவது, பாறை உடைஞ்சா காது போயிரும். அஞ்சாவது..." என்று ஆரம்பித்தேன். பட்டியலில் அந்த வரியில் மட்டும் மை மங்கியிருந்தது. "அஞ்சாவது, அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் உதடு பொருந்தலீங்ணா. கொரலும் வேற ஆளு கொரலு."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அது குறையாடா?" என்றார்.

பட்டியலை மடித்தேன்.

"அந்தப் பையன் 'வா தம்பி'ன்னு நல்லாத்தாண்டா பேசியிருந்தான்," என்றார் அண்ணன். ஒவ்வொரு சொல்லாக இழுத்து எடுத்துத்தான் பேச முடிந்தது. "எனக்குத்தான் ஒப்பல. உன்னைய நான் என்னிக்குடா தம்பீன்னு கூப்புட்டிருக்கறேன்? நானே போயிப் பேசிட்டு வந்தேன். ஒரே சொல்லுதான, தாங்கும்னு சொன்னாரு டாக்டரு."

"எனக்குச் சொல்லியிருக்கலாமுங்ணா."

"அதைத்தாண்டா சொன்னேன். தியேட்டரு தியேட்டரா."

மொத்தம் நாலு 'டா'. 'அந்தப் பேட்டியில...' என்று அவர் ஏதோ தொடங்கினார். பேச வேண்டாம், தொண்டைக்கு ஆகாது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மரியாதை இல்லாத மனுஷன். மத்தியானம் முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கட்சிக்காரர் வந்தபோது கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டார். பிளான் வரைகிற கண் அப்படித்தான் இருக்கும் என்றேன். அழுதேன், வேறென்ன.

ஏப்ரல் 29, செவ்வாய்

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி. அண்ணன் இளைத்துப்போயிருக்கிறார். அண்ணி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

அண்ணன் பேசியவற்றில் எழுதத் தகுந்தது ஒன்றுமில்லை. கட்டில் உயரம் சரியில்லை என்றார், அளந்து பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. கேன்டீன் காப்பியைக் குடித்துவிட்டு, "காப்பியாடா இது, கழனித்தண்ணி," என்றார். சாயங்காலம் நர்ஸ் வந்து பார்வையாளர்கள் கிளம்பலாம் என்றபோது என்னிடம், "போயிச் சாப்புட்டுப் படுடா," என்றார்.

நாளைக்கு எட்டு மணிக்கு ஆபரேஷன் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கடைசியாகப் பேச இன்னும் நல்லதாக ஏதாவது யோசித்து வைத்திருக்கலாம். எழுத்தாளர் வேறு.

சாப்பிட்டேன். படுத்தேன்.

ஏப்ரல் 30, புதன்

முடிந்தது. நன்றாக முடிந்தது என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தெரு நாய்க்கு பிஸ்கட் வாங்கிப் போட்டேன். 'சாப்புடுங்க' என்று சொல்லிவிட்டேன்.

மே 18, ஞாயிறு

அண்ணனும் அண்ணியும் உடுமலைக்கு வந்துவிட்டார்கள். சென்னைப் பயணம் இப்போது வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாரா வாரம் கோவைக்குக் காட்டப் போகவும் இங்கிருந்து வசதி. கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை, அதன் மேல் மெல்லிய துணி. கஞ்சியும் கூழும் சாப்பிடுகிறார்.

குழந்தைகள் எழுதும் ஸ்லேட் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முதலில் எழுதியது: 'டேய், பல்பம் மட்டமா இருக்குது.' பல்பம் மாற்றினேன். இரண்டாவது எழுதியது: 'நாங்க.' அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார். பேட்டியைத் திருத்துகிறாராம். நாலு வருஷம் தாமதம். சரி என்று தலையாட்டி ஸ்லேட்டை வாங்கித் துடைத்து வைத்தேன். கொஞ்சம் பொறுத்துத் துடைத்திருக்கலாம் என்று ருக்மணி சொன்னாள்.

மே 27, செவ்வாய்

காசிம் அவசரப்படுத்துகிறான். குறை ஐந்தும் தயார், நிறை ஒன்றுதான் இருக்கிறது, மழை.

"ஆறு வாரமா ஒரே ஒரு நிறையாங்ணா?"

"நிறை கண்டுபிடிக்க நேரமாகும்."

மே 30, வெள்ளி

தியேட்டர் மேனேஜரைப் பார்க்கப் போனேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது, நாளையோடு காலைக் காட்சியை நிறுத்துகிறார்களாம்.

"இன்னும் ஒரு வாரம் ஓட்டுங்க," என்றேன்.

"புள்ளைக இல்லாம ஆருங் வருவா? உங்களைத் தவுர."

என்னைக் கவனித்திருக்கிறார். ஆறு முறை என்பதை நான் எங்கேயும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்துபோன நாட்களில் வழியில்தான் தியேட்டர், அதனால் போனேன். அண்ணனின் குரல் இப்போது அந்த இருட்டில் மட்டும்தான் கேட்கிறது. நாளைக்குப் பிறகு இந்த ஊரில் கேட்காது. இதை மேனேஜரிடம் சொல்ல முடியவில்லை.

மே 31, சனி

அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனோம். துணியை நன்றாகச் சுற்றி, ஓரத்து இருக்கையாகப் பார்த்து உட்கார வைத்தேன். அவருக்கு இந்தப் பக்கம் நான், எனக்கு இந்தப் பக்கம் ருக்மணியும் அண்ணியும். இரண்டு பேரும் படம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தார்கள். நேரில் பேச நாலு வருஷத்துப் பாக்கி இருக்கிறது போலிருக்கிறது.

நிலைக்கதவு வந்ததும் அண்ணன் என் தொடையைத் தட்டி விரல்களை விரித்துக் காட்டினார். ஐந்தடி. ஒப்புக்கொள்கிறார்.

பாறை சரிந்தது. முத்து நின்றான். இந்த இடத்தில் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வேன். இன்றைக்கு மூடவில்லை. திரையையும் பார்க்கவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினேன். அவரும் திரையைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்பீக்கரில் அந்தக் குரல் வந்தது. அதே நேரத்தில் அண்ணனின் உதடு அசைந்தது. முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. 'வா'வுக்குத் திறந்து 'டா'வில் அப்படியே நின்றது. நடுவில் ஒட்டவில்லை.

"வந்துட்டனுங்ணா," என்றேன். பாறை உடைந்த சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்குமா தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார், படம் முடிகிறவரை விடவில்லை. பாப்கார்ன் எடுக்க முடியாமல் இடது கையால் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் காசிமைக் கூப்பிட்டேன். குறை நான்குதான், ஐந்தாவதை அடித்துவிடு, நேரில் சரிபார்த்துவிட்டேன், உதடு பொருந்துகிறது என்று சொன்னேன்.